கார்டின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்: மிக்ஸிங் வேலைக்கு ஆர்.டி.எக்ஸ். 3050

கிராபிக்ஸ் கார்டு விமர்சனம் என்று தேடினால் எல்லாமே கேம் ஆடும் பிள்ளைகளுக்காக எழுதியதாக இருக்கிறது. எந்த கேம் எத்தனை எஃப்.பி.எஸ். ஓடும் என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிற எனக்கு வேண்டியது வேறு. பின்னால் எத்தனை போர்ட் இருக்கிறது, எந்தெந்த வகை, ஒரே நேரத்தில் எத்தனை திரை எரியும்? இதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் வாங்கிய என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. கார்டைப் பற்றி அந்தப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூன்று நான்கு திரை வைத்து எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவருக்கு இந்தக் கார்டு நன்றாகவே போதும். பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாமலும் போகும். ஏன் என்று வருகிறேன்.

நாங்கள் இருப்பது கடலூர் திருப்பாப்புலியூர். வீட்டுக்காரர் கேமரா, மிக்ஸிங் முழுக்க என் பொறுப்பு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மேசையைப் பிரித்துப் போடுவதென்றால் அந்த மாதம்தான். ஏற்கெனவே இருந்தது இன்டெல் ஐ5-12400 பிராசசர், எச்610 போர்டு, ஒரு 22 அங்குல மானிட்டர், அதற்கும் பழைய சதுர மானிட்டர் ஒன்று. டைம்லைன் ஒன்றில், பிரிவியூ இன்னொன்றில் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்று கேமரா ஓடிய முகூர்த்தத்தைப் பிரித்து அடுக்க அது காணாது. அதைவிடப் பெரிய தொல்லை, கல்யாண வீட்டார் வந்து பார்ப்பது. என் நாற்காலிக்குப் பின்னால் ஆறேழு பேர் நெருக்கிக்கொண்டு நின்று, "ஏம்மா, எங்க பெரியம்மா சீர்த்தட்டு தூக்கிட்டு வந்தாங்களே, அது எங்க?" என்று மானிட்டரில் விரலை வைத்தே காட்டுவார்கள். முன்னறையில் ஒரு பெரிய டிவியை மாட்டி அவர்களை அங்கே சோபாவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

ஆகத் திட்டம் இது: நடுவில் 27 அங்குல கியூ.எச்.டி. (ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் இடைப்பட்டது) மானிட்டர், இடதுபக்கம் பழைய 22, சுவரில் 43 அங்குல 4கே டிவி, ஓரமாகச் சதுர மானிட்டர். மொத்தம் நான்கு திரை.

இப்போது கார்டு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் முக்கியமாக இரண்டு இருக்கின்றன. 2022-ல் வந்தது 8 ஜி.பி., 130 வாட் இழுக்கும், எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை பெட்டியிலிருந்து தனியாக ஒரு பவர் வயர் செருக வேண்டும். 2024 தொடக்கத்தில் வந்தது 6 ஜி.பி., 70 வாட்தான். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் இந்தச் சின்னதுக்குத் தனி வயர் வேண்டாம். என்னுடையது பழைய 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., அதில் கார்டுக்கான வயரே கிடையாது. அதோடு வெயில் காலத்தில் எங்கள் மாடி அறை எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். வேகம் குறைவுதான், ஆனால் சூடும் கரண்டும் குறைவு. 6 ஜி.பி.யை எடுத்ததற்கு இதுதான் காரணம்.

சிப் என்விடியாவுடையது. அதைப் பலகையில் வைத்து, விசிறி மாட்டி, போர்ட் வைத்து விற்பது வேறு வேறு கம்பெனிகள். சிப் ஒரே நேரத்தில் நான்கு திரையைத் தாங்கும். ஆனால் பின்னால் நான்கு வாய் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கம்பெனி டி.வி.ஐ. ஒன்று, எச்.டி.எம்.ஐ. ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறது. இன்னொன்று இரண்டு எச்.டி.எம்.ஐ., இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் என நான்கு வைக்கிறது. பெட்டியின் முன்பக்கம் இரண்டிலும் ஒரே பெயர்தான், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நான் வாங்கியது நான்கு போர்ட் உள்ளது, 17,800 ரூபாய் பில்.

வாங்கியது புதுச்சேரியில், நூறடிச் சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடையில். இங்கே ஒரு விஷயம். எங்கள் ஊரில் இன்னும் பலர் பாண்டியில் வாங்கினால் வரி கம்மி என்று பஸ் ஏறுகிறார்கள். அது 2017 ஜூலைக்கு முந்தைய கதை. ஜி.எஸ்.டி. வந்த பிறகு கார்டுக்கு அங்கேயும் 18 சதவீதம், இங்கேயும் 18 சதவீதம். அரியாங்குப்பம் நெரிசலில் நிற்கிற நேரம்தான் மிச்சம். நான் போனதற்குக் காரணம் வேறு: நான்கு போர்ட் உள்ளது கடலூரில் அன்றைக்குக் கையிருப்பில் இல்லை. டிவிக்கு மட்டும் வரிக்கணக்கு வேலை செய்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. டிவியைப் பொறுமையாக அப்புறம் வாங்கினோம்.

அந்தக் கடைத் தம்பியைப் பாராட்ட வேண்டும். "பின்பக்கம் பார்க்கணும் தம்பி" என்றதும் முகம் சுளிக்காமல் சீலைப் பிரித்துக் கார்டை எடுத்துக் காட்டினார். "என்னென்ன மாட்டப் போறீங்கக்கா?" என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எந்தத் திரை எந்தப் போர்ட்டில் என்று எழுதியே கொடுத்தார். வேறொரு கடையில், பெயர் வேண்டாம், பிராசசரையும் மாற்றச் சொல்லி எஃப் என்று முடியும் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். "கார்டு போடறீங்க இல்ல, அப்புறம் எதுக்கு உள்ள ஒரு கிராபிக்ஸ்?" என்றார் அந்தக் கடைக்காரர். கேம் ஆடுபவருக்கு அது சரியான யோசனையாக இருக்கலாம். எங்கள் தொழிலுக்கு அது கெடுதல்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐ5-12400-க்குள் யு.எச்.டி. 730 என்ற சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. ஐ5-12400எஃப்-ல் அது கிடையாது. மதர்போர்டின் பின்னால் உள்ள எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. வாய்கள் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு உரியவை. எஃப் பிராசசர் போட்டால் அந்த வாய்கள் சும்மா, செருகினாலும் படம் வராது. இது ஒரு பாதி. மறுபாதி எடியஸ். எச்.264, எச்.265 என்று சுருக்கிப் பதிவான வீடியோ கோப்புகளைச் சிக்கல் இல்லாமல் ஓட்டுவதற்கு எடியஸ் வெகுகாலமாக இன்டெல்லின் குவிக் சிங் என்ற வீடியோ திறக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. குவிக் சிங் இருப்பது அந்த உள் கிராபிக்ஸில்தான். இன்னொரு முக்கியமான சங்கதி: இப்போதைய சோனி கேமராக்கள் சிலவற்றில் நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 எச்.265 பதிவு உண்டு. அந்தக் கோப்பை 3050 ஹார்டுவேரில் திறக்காது. என்விடியாவில் 50 வரிசைக்குத்தான் அந்தத் திறமை வந்தது. 12400-க்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் அதை அநாயாசமாகத் திறக்கிறது. பதினெட்டாயிரம் கொடுத்த கார்டால் ஆகாத வேலை அது.

ஆனால் ஒரு கொக்கி உண்டு. தனிக் கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய் அதை மறுபடி எழுப்ப வேண்டும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐ.ஜி.பி.யூ. மல்டி மானிட்டர், இன்டர்னல் கிராபிக்ஸ் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், அதை எனேபிள்ட் ஆக்கிச் சேமித்து வெளியே வந்தால் போதும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே என்விடியா, இன்டெல் இரண்டு பெயரும் தெரிந்தால் சரி. கடைத் தம்பியின் சீட்டில் இது இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், மிக்ஸிங் ஆட்கள் அவரிடம் அதிகம் போவதில்லை போல.

உள் கிராபிக்ஸை எழுப்பியதில் கூடுதலாக ஒரு லாபம். பழைய சதுர மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும்தான். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த அந்த நீல வாய் எங்கள் தெருவில் இன்னும் சாகவில்லை. 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகள் அதற்கான அனலாக் சிக்னலையே விட்டுவிட்டன. அதனால் புதுக் கார்டில் அதை மாட்டத் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும். எச்610 போர்டு பலவற்றில் வி.ஜி.ஏ. வாய் உண்டு, என்னுடையதிலும் உண்டு. சதுரத்தை அங்கே செருகிவிட்டேன், கார்டில் ஒரு போர்ட் மிச்சமானது. அந்தத் திரையில் கோப்புப் பட்டியலும் கல்யாண வீட்டாரின் வாட்ஸ்அப்பும் மட்டும் வைத்திருக்கிறேன். கார்டில் ஓடும் வீடியோவை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டால் ஒரு கிராபிக்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தை நகலெடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அது உகந்த இடம் இல்லை.

வேலை செய்யும் பெரிய திரையை மட்டும் மறந்தும் மதர்போர்டில் செருகக் கூடாது. பண்ருட்டியில் தெரிந்தவர் ஸ்டுடியோவில் பார்த்தேன். நல்ல கார்டு, உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது, மானிட்டர் வயர் மட்டும் மதர்போர்டில். பூட்டிக் கொடுத்த ஆள் அப்படியே விட்டுப் போயிருக்கிறார். கேபினட்டின் பின்னால் நெட்டுக்குத்தாக மேலே இருக்கும் வரிசை மதர்போர்டு, கீழே படுக்கையாக இருப்பது கார்டு. படுக்கை வரிசையில் மாட்டுங்கள் என்று போனிலேயே சொல்லிவிடலாம், அவ்வளவுதான்.

நடு மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கொடுத்தேன். கியூ.எச்.டி., 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை படம் மாறும். மாட்டியவுடன் விண்டோஸ் அதை 60-ல்தான் வைத்திருந்தது. செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நாமாக 100 தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் வயரில் இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். பிடுங்கும்போது மேலே உள்ள பட்டனை அழுத்தாமல் இழுத்தால் கார்டின் வாயே பெயர்ந்து வரும். இன்னொன்று, மலிவு வயர்கள் சிலவற்றில் 20-ம் பின்னை இரண்டு பக்கமும் இணைத்துவிடுவார்கள். அந்தப் பின் வயருக்குள் போகவே கூடாது. போனால் மானிட்டரிலிருந்து கரண்டு கார்டுக்கு எதிர்த்திசையில் ஏறி, கம்ப்யூட்டர் சில நேரம் ஆன் ஆகாமலே அடம்பிடிக்கும். மானிட்டரோடு பெட்டியில் வந்த வயரையே போடுங்கள்.

அடாப்டர் வாங்கும்போது திசை முக்கியம். கார்டில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. என்றால் சாதாரணச் சின்ன அடாப்டரே போதும். கார்டில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று தலைகீழாக இருந்தால் அந்த அடாப்டர் உதவாது. யு.எஸ்.பி. கரண்டில் ஓடும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும், விலையும் பல மடங்கு. கவுன்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தொங்கும்.

அடுத்து டிவி. எனக்கு மிகவும் நேரம் பிடித்ததும், மிகவும் பிடித்துப்போனதும் இதுதான்.

மாடி அறையிலிருந்து முன்னறைச் சுவர் வரை வயர் சுற்றி வளைத்துப் போக வேண்டும், பத்து மீட்டர். 4கே 60 ஹெர்ட்ஸ் என்றால் எச்.டி.எம்.ஐ. 2.0, அதாவது நொடிக்கு 18 ஜிகாபிட். பழைய 1.4 வயர் 10.2 வரைதான். அதில் 4கே போட்டால் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடும், மவுஸ் அம்பே தத்தித் தத்திப் போகும். நல்ல தாமிர வயராக இருந்தாலும் ஐந்து மீட்டருக்கு மேல் 18-ஐ நம்ப முடியாது, படம் நடுநடுவே கருத்துப்போகும். பத்து மீட்டருக்கு ஃபைபர் எச்.டி.எம்.ஐ. வயர்தான் வழி. அதில் ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. பைப்புக்குள் வயரை இழுப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி உருவ வேண்டியதுதான்.

டிவி பக்கமும் வேலை இருக்கிறது. பல டிவிகளில் எச்.டி.எம்.ஐ. போர்ட் பழைய வேகத்தில்தான் பூட்டியிருக்கும். டிவி செட்டிங்ஸில் அந்தப் போர்ட்டுக்கு என்ஹான்ஸ்டு என்கிற மாதிரி ஒன்றை ஆன் செய்தால்தான் முழு நிறத்தோடு 4கே 60 வரும். இல்லாவிட்டால் சிவப்பு எழுத்தெல்லாம் ஓரத்தில் பிசிறும். படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டால் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று எதையாவது தேடிப் போடுங்கள்.

அப்புறம் ஹெர்ட்ஸ். நம் பக்கம் கல்யாண வீடியோ எல்லாம் 25 அல்லது 50 ஃபிரேமில்தான் எடுக்கிறோம், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்காமல் இருக்க. அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் கணக்குச் சரியாக வகுபடாது. மண்டபத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேமரா மெல்லத் திரும்பும்போது படம் லேசாக உதறும். கேமராமேன் கை நடுக்கம் என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள், வீட்டுக்காரருக்கு அதில் ரொம்ப மனவருத்தம். டிவியை மட்டும் விண்டோஸில் 50 ஹெர்ட்ஸாக மாற்றினேன், உதறல் போய்விட்டது. நடு மானிட்டர் 100 ஹெர்ட்ஸ் என்பதால் 25-க்கும் 50-க்கும் அதுவும் அப்படியே வகுபடுகிறது. 144, 165 என்று பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்படும் மிக்ஸிங் ஆட்களுக்கு நான் சொல்வது, 100 போதும், நம் வேலைக்கு அதுதான் பொருத்தம். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஹெர்ட்ஸ் வைக்க இந்தக் கார்டு முரண்டு பிடிக்கவே இல்லை. நடுவில் 100, இடதில் 60, டிவி 50 என்று நாள் முழுக்க ஓடுகிறது.

நிறத்தில் ஒரு சோதனை. எச்.டி.எம்.ஐ.யில் மாட்டிய 22 அங்குல மானிட்டரில் கருப்பு சாம்பலாகத் தெரிந்தது, அரக்குப் பட்டு வெளுத்துப்போய் வேறு புடவை மாதிரி. கார்டு அந்த மானிட்டரை டிவி என்று எண்ணி, நிறத்தை 0 முதல் 255 வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரை குறுக்கி அனுப்புவதால் வருவது இது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்று இருக்கும், அதை ஃபுல் ஆக்கினால் அரக்கு அரக்காகத் திரும்பிவிடும். இதைச் சரிசெய்யாமல் கலர் கரெக்‌ஷன் செய்தால், நீங்கள் திருத்துவது வீடியோவை அல்ல, மானிட்டரை.

சில்லறைத் தொல்லைகள் இரண்டு. டிவியை ஆன் செய்ததும் விண்டோஸ் சத்தத்தை அங்கே கொண்டுபோய்விடுகிறது. கெட்டிமேளம் திடீரென்று முன்னறையில் முழங்கி, தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தார். சவுண்டு செட்டிங்ஸில் ஸ்பீக்கரை நிரந்தரமாக்கிவிட்டேன். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரை பட்டன் தட்டி அணைத்தால், திரையே போய்விட்டது என்று நினைத்து ஜன்னல்களை எல்லாம் பக்கத்துத் திரைக்குத் தள்ளிவிடும். விண்டோஸ் 11-ல் ஜன்னல் இருந்த இடத்தை நினைவில் வைக்கும் வசதி உண்டு, அதை ஆன் செய்தால் பெருமளவு திரும்பி வந்துவிடுகின்றன.

கடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடல் காற்று பித்தளை, தாமிரம் எதையும் விடாது. தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் போர்ட்டுக்கு வந்த ரப்பர் மூடிகளைத் தூக்கி எறியாமல், சும்மா இருக்கும் வாய்களில் மாட்டி வையுங்கள். கம்ப்யூட்டர் ஒரு லைனிலும் டிவி இன்னொரு லைனிலும் இருந்து, எர்த் சரியில்லை என்றால், எச்.டி.எம்.ஐ. செருகும் நொடியில் பொறி தட்டும். அதில் கருகிய போர்ட்டுகளைச் சர்வீஸ் கடைகளில் நிறையப் பார்க்கலாம். இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள், டிவியில் கேபிள் வயர் இருந்தால் அதையும் கழற்றிவிட்டு.

கார்டின் குறைகள் என்றால், 6 ஜி.பி. என்பது 4கே-யில் டாவின்சி ரிசால்வ் மென்பொருளை வைத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளிப் பிசிறை நீக்குவது) போடுபவர்களுக்குக் கட்டாயம் காணாது, அவர்கள் 12 ஜி.பி. பக்கம் போவது நல்லது. ரெண்டர் வேகத்தில் 8 ஜி.பி. 3050 இதைவிட முன்னால் நிற்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வயர் இருந்து, விலையில் இரண்டு மூவாயிரம்தான் வித்தியாசம் என்றால் நான் அதையே சொல்வேன், அதிலும் பின்பக்கம் பார்த்துத்தான். விசிறிச் சத்தம் இரவு வேலையில் காதில் விழுவதில்லை. வாரண்டி மூன்று வருடம் என்று சொன்னார்கள், பெட்டியிலுள்ள சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன். நான்காவது போர்ட் இன்னும் காலியாக இருக்கிறது. ஆல்பம் டிசைனுக்கு நெட்டுக்குத்தாக நிறுத்த ஒரு மானிட்டர் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆரம்பித்திருக்கிறார். தையில் வரும் அட்வான்ஸைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.